கனடாவில் மிளகாய்க் கன்று ஏன் குள்ளமாகவே நிற்கிறது?

தம்பி, மே முதல் கிழமையே ரொறன்ரோவில் மிளகாயும் கத்தரியும் வெளியில் நட்டதாகவும், யூன் நடுப்பகுதியாகியும் ஒரு சாணுக்கு மேல் எழும்பவில்லை என்றும் எழுதியிருக்கிறீங்கள். இலையின் அடிப்பக்கம் ஊதா, அதற்குள் பூவும் வந்துவிட்டது, பசளை போடலாமோ என்று கேள்வி. இப்போதைக்குப் பசளைப் பையைத் திறக்காதேங்கோ.

கன்றைப் பிடித்து வைத்திருப்பது குளிர். மே மாதத்தில் பகல் 20 பாகை காட்டினாலும் இரவில் 5, 6க்கு இறங்கிவிடும். மிளகாய், கத்தரி, வெண்டி மூன்றுக்கும் இரவு 12 பாகைக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுபோகும். மண்ணில் பொசுபரசுச் சத்து இருந்தாலும் குளிர்ந்த வேரால் அதை எடுக்க முடியாது. ஊதா நிறம் அதனால்தான். மண் 18 பாகையைத் தாண்டியதும் புது இலை பச்சையாக வரத் தொடங்கும். மே 24ஐ ஒட்டி வருகிற விக்ரோறியா நாள் விடுமுறை வாரயிறுதிக்குப் பிறகு நடச் சொல்லி இங்கே எல்லாரும் சொல்வது உறைபனியைப் பார்த்துத்தான். தக்காளிக்கு அது காணும். கத்தரிக்கும் வெண்டிக்கும் இன்னும் ஒரு கிழமை, பத்து நாள் பொறுக்க வேணும்.

இப்ப பூ, பிஞ்சு எல்லாவற்றையும் கிள்ளி எறியுங்கோ. மனம் வராதுதான். ஆனால் சாண் உயரக் கன்று ஒரு காயைச் சுமந்தால் சத்து முழுக்க அதற்கே போய், கன்று அப்படியே நின்றுவிடும். 25, 30 சென்ரிமீற்றர் வந்த பிறகு பூக்க விடலாம்.

அடுத்து, ஒரு கன்றை மண்ணோடு கிளப்பி வேரைப் பாருங்கோ. சின்னச் சாடியின் வடிவத்திலேயே வேர் சுற்றிக் கிடந்தால் பக்கங்களை விரலால் பிரித்து, அடியில் சுற்றியதை வெட்டிவிட்டு நடுங்கோ. வலை போர்த்திய கரிமண் வில்லையில் (peat pellet) முளைக்க வைத்திருந்தால் அந்த வலையைக் கிழித்து எடுக்க வேணும். உக்கிப்போகும் என்று விட்டால் பல வேர் அதற்குள்ளேயே அடைபட்டுப் போகும். சாடி என்றால் ஒரு கன்றுக்கு 19 லீற்றர் வாளி, அடியில் ஐந்தாறு துளை. வளவு மண்ணை வாளிக்குள் போடாதேங்கோ. இந்தப் பக்கத்துக் களிமண் இறுகி, தண்ணி நின்று, வேர் அழுகும். சாடிக்கென்று விற்கிற கலவை மண்தான் சரி. விரலை 3, 4 சென்ரிமீற்றர் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் அடியால் வடியும்வரை ஊற்றுங்கோ. வாடுது என்று தினமும் ஊற்றித்தான் கனபேர் கன்றைக் கெடுக்கிறார்கள்.

புது இலை இரண்டு மூன்று வந்த பிறகு, 20-20-20 (நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் மூன்றும் சம அளவு) கரைசல் பசளையைப் பையில் சொன்ன அளவில் பாதியாக, பத்து நாளைக்கு ஒருக்கால்.

கத்தரி இலையில் மட்டும் ஊசி குத்தினதுபோல் துளைகள் இருந்தால், அது கிட்டப் போனால் துள்ளுகிற 2 மில்லிமீற்றர் கறுப்பு வண்டு. இளங்கன்றைக் குள்ளமாக்க அது ஒன்றே காணும். மெல்லிய வலையால் மூடி, விளிம்பை மண்ணில் புதையுங்கோ. பூக்கிற நேரம் எடுத்துவிடலாம்.

பக்கத்து வளவில் கறுப்பு வால்நட் மரம் நிற்குதோ என்றும் பாருங்கோ. தென் ஒன்ராறியோவில் அது சாதாரணம். அதன் வேரிலிருந்து வருகிற ஜக்லோன் என்ற பொருள் தக்காளி, கத்தரி, மிளகாய் இனத்துக்கு நஞ்சு. மண் ஈரமாக இருந்தும் கன்று வாடினால் அதைச் சந்தேகிக்கலாம். வேர் கிளை விரிந்த எல்லையையும் தாண்டிப் போகும், ஆகவே அங்கே நிலத்தில் நடாமல் வாளியிலேயே வையுங்கோ. அந்தச் சருகையும் உரக்குழிக்குள் போடாதேங்கோ.

வருகிற வருசத்துக்கு: மிளகாய் விதை பெப்ரவரிக் கடைசியில், கத்தரி மார்ச் நடுவில், வீட்டுக்குள் 25 பாகைச் சூட்டில். வெண்டிக்கு ஆணிவேர், இடம் மாற்றினால் கோபிக்கும். யூன் தொடக்கத்தில் நேரே மண்ணில் போடுங்கோ. வெளியில் நடுவதற்கு முன் ஒரு கிழமை, முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம் என்று தொடங்கிக் கூட்டிக்கூட்டிப் பழக்க வேணும்.

இந்த மிளகாயையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. செப்ரெம்பர் கடைசியில் இரவு 10 பாகைக்கு இறங்க முன்னம், 15 சென்ரிமீற்றருக்கு வெட்டி, பூச்சி பார்த்து, வாளியோடு உள்ளே தெற்கு யன்னலடியில் வையுங்கோ. தண்ணி குறைவாக. அடுத்த யூனில் அது விதைக் கன்றுக்கு முன்னமே காய்க்கும்.