மணலை மிதிக்காத மீனவன் மகன்

கேள்வி: எனக்கு ஒரே பையன். ஐந்து வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. மண்டபம் பக்கம் கடற்கரைக் கிராமம். வாசலைத் தாண்டினால் மணல்தான். ஆனால் அவன் வெறுங்காலோடு மணலில் இறங்க மாட்டான். தூக்கி இறக்கினால் கால்விரலை மடக்கிக்கொண்டு அலறுவான். படகு இன்ஜின், மிக்ஸி சத்தம் கேட்டால் காதைப் பொத்துவான். கையில் சோறு ஒட்டினால் உடனே கழுவணும். அதே பிள்ளை திண்ணையிலிருந்து ஓயாமல் குதிப்பான், சுவரில் போய் மோதுவான். யு.கே.ஜி.யில் பென்சில் பிடிக்கவே வரவில்லை என்கிறார்கள். நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேனாம், "மீன்காரன் பிள்ளைக்கு மணல் ஆகலையாம்" என்று மாமியார் நாலு பேர் முன்னால் சொல்கிறார். செல்போனில் பார்த்தால் சென்சரி ஊஞ்சல், எடை வைத்த ஜாக்கெட் என்று ஆயிரக்கணக்கில் விலை. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர், இப்போது மீன்பிடித் தடைக்காலம். கடன் வாங்கியாவது வாங்கட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத தாய்

அன்புத் தங்கைக்கு,

கடன் வாங்க வேண்டாம். மற்றதைப் பொறுமையாகப் பேசுவோம்.

ஐம்புலன் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். எங்களைப் போன்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் (சாப்பிடுவது, விளையாடுவது, எழுதுவது மாதிரி அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தருகிறவர்கள்) அதோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்வோம். உட்காதில் இருக்கும் சமநிலை உணர்வு ஒன்று. அலையில் படகு ஆடும்போது உங்கள் வீட்டுக்காரரை விழாமல் நிறுத்துவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. தசையும் மூட்டும் தரும் உணர்வு இன்னொன்று. இருட்டில் வலை இழுக்கும்போது கை எங்கே இருக்கிறது, எவ்வளவு பலம் போடணும் என்று பார்க்காமலே தெரிகிறதே, அது. இந்த உணர்வுகளையெல்லாம் மூளை எப்படிக் கோத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்துத்தான் குழந்தையின் விளையாட்டும் படிப்பும் அமைகின்றன என்று 1960களில் அமெரிக்காவில் ஜீன் ஏயர்ஸ் என்ற தெரபிஸ்ட் விளக்கத் தொடங்கினார். நாங்கள் இன்று வரை அந்த வழியில்தான் யோசிக்கிறோம்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்கள் பையனுக்குத் தோலும் காதும் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்கின்றன. தசையும் மூட்டும் குறைத்துச் சொல்கின்றன. அதனால்தான் மணல் பட்டால் அலறுகிறவன் சுவரில் மோதிவிட்டுச் சிரிக்கிறான். மோதினால்தான் தன் உடம்பு அவனுக்குத் தெரிகிறது. கம்பளிப்பூச்சி காலில் ஏறினால் உங்கள் மாமியாருக்கு எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். அவனுக்கு மணல் அப்படித்தான் இருக்கிறது. செல்லத்தால் வந்ததில்லை இது.

இந்தப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஒன்று: மெல்லப் பட்டும் படாமல் தொட்டால் எரிச்சல், அழுத்திப் பிடித்தால் நிம்மதி. அதோடு சுமப்பது, தள்ளுவது, இழுப்பது மாதிரி உடம்பு வருந்துகிற வேலை செய்த பிறகு பல குழந்தைகள் சற்று அடங்குவார்கள். அதனால் மணலையும் பென்சிலையும் இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். முதலில் அவனுக்கு வேலை கொடுப்போம்.

தடைக்காலம் உங்களுக்குக் கஷ்டம்தான், தெரியும். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அப்பா கரையில் இருக்கிறார். இவனுக்கு அது பெரிய வாய்ப்பு. வலையைப் பிரித்துச் சரிபார்க்கும்போது இவனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு முனையை அவன் இழுக்கட்டும், மறுமுனையில் அப்பா கொஞ்சம் எதிர்த்து இழுக்கட்டும். மிதவைகளைச் சாக்கில் போட்டு வாசலிலிருந்து கொல்லைக்கு இழுத்துப் போகச் சொல்லுங்கள். ஈயக்குண்டை மட்டும் அவன் கையில் கொடுக்கவே கூடாது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கொஞ்சம்தானே என்று விட முடியாது. ஈயக்குண்டு கட்டிய பக்கம் அப்பாவோடது, மிதவைப் பக்கம் பிள்ளையோடது என்று பிரித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் இரண்டு பேரும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

உங்கள் பக்கத்தில் பல ஊரில் தண்ணீர்க் குடங்களைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிவருவதைப் பார்த்திருக்கிறேன். நம் ஆட்களுக்கு அது தீராத அலுப்பு. ஐந்து வயதுப் பையனுக்கோ, ஆயிரக்கணக்கில் விற்கும் எந்தப் பொருளும் தராத பயிற்சி. உங்கள் கையோடு அவன் கையும் சேர்ந்து வண்டியைத் தள்ளட்டும். பாரம் உங்களிடம் இருக்கட்டும், அவன் தள்ளுவதாக நினைத்துக்கொண்டால் போதும்.

இது நுங்கு சீசனும்கூட. சுளையைக் கட்டைவிரலால் தோண்டித் தின்னச் சொல்லுங்கள். வழவழப்புக்கு முகம் சுளித்தால் முதலில் ஸ்பூன், விரல் பிறகு. தோண்டிய காய் இரண்டைக் குச்சியில் கோத்து, கவட்டைக் குச்சியால் தள்ளுகிற வண்டி செய்துகொடுங்கள். இரண்டு கையும் சேர்ந்து ஒரு வேலை செய்யணும், கண் முன்னால் பார்க்கணும், கால் ஓடணும். இதே மூன்றும் சேர்ந்த விளையாட்டைத் தெரபி அறையில் உருவாக்க நாங்கள் படாத பாடு படுவோம்!

இனி மணல். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூழ் மாதிரி மாவுக்குள் கை வைக்க மறுத்த ஒரு குழந்தையின் கையைப் பிடித்து உள்ளே அழுத்தினேன். வாந்தி எடுத்துவிட்டது. அதன் பிறகு மூன்று மாதம் என் அறைக்குள் வரவே இல்லை. ஆகவே தூக்கி இறக்குவதை இன்றே நிறுத்துங்கள், அப்பத்தாவும் நிறுத்தணும்.

முதலில் துண்டால் இரண்டு பாதத்தையும் நன்றாக அழுத்தித் துடைத்துவிடுங்கள். ஒரு தாம்பாளத்தில் அரிசி, அதில் சோழியோ பொம்மையோ ஒளித்துவைத்து அவனே தேடட்டும், கையாலோ கரண்டியாலோ அவன் இஷ்டம். அரிசி பழகினால், சலித்த காய்ந்த மணல் அதே தாம்பாளத்தில். வெளியே போகும்போது செருப்போடு போகட்டும், பிறகு சாக்ஸோடு, பிறகு ஒரு கால் மட்டும் வெறுமையாக. சில பிள்ளைகளுக்குப் பொலபொலவென்ற மணலைவிட, அலை நனைத்து இறுகிய மணல் சுலபம். அழுத்தமாக இருக்கிறதல்லவா, அதனால். விடிகாலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ போங்கள், மத்தியான மணல் நமக்கே சுடும். தண்ணீர் ஓரத்தில் அவன் கை உங்கள் கையில் இருக்கணும். "போதும்" என்றால் போதும்தான். நிறுத்துவது தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் நாளைக்கு இன்னொரு அடி வைப்பான்.

பென்சிலுக்கு வருவோம். ஐந்து வயதில் சதுரத்தைப் பார்த்து வரைய வந்தால் சந்தோஷப்படலாம். நோட்டு நோட்டாக அழகாக எழுதணும் என்பது பள்ளிகளின் அவசரம். தோளும் மணிக்கட்டும் உறுதிப்படாமல் விரலை மட்டும் திட்டிப் பயனில்லை. வாசல் சுவரில் கரிக்கட்டியாலோ சாக்பீஸாலோ நின்றபடி கிறுக்கட்டும். செங்குத்தான சுவரில் வரையும்போது மணிக்கட்டு தானாக நிமிர்ந்து நிற்கும். சாக்பீஸை ஓர் அங்குலத் துண்டாக உடைத்துக் கொடுங்கள். துண்டு சின்னதாக இருந்தால் முழுக் கையால் பிடிக்க இடமே இருக்காது, மூன்று விரல் வந்துதான் ஆகணும். பிடி கொழுக்கட்டை பிடிப்பது, புளியில் கொட்டை எடுப்பது, துணிக்கு கிளிப் மாட்டுவது எல்லாம் கைக்குப் பலம். சாயங்காலம் அப்பத்தாவோடு பல்லாங்குழி ஆடட்டும். குறை சொல்கிற வாயும் கொஞ்சம் ஓயும். மூன்று வயதுக்குக் கீழே வேறு குழந்தை வீட்டில் இருந்தால் சோழி, கொட்டையெல்லாம் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

சத்தத்துக்கு: மிக்ஸி போடுமுன் சொல்லுங்கள், சுவிட்சை அவனையே தட்டச் சொல்லுங்கள். தானே போடுகிற சத்தம் அவ்வளவு பயமுறுத்தாது. சோற்றுக் கைக்கு, பக்கத்திலேயே ஈரத்துணி வையுங்கள். துடைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தால் தொடுவான்.

ஊஞ்சல் வேண்டுமென்றால் உறுதியான விட்டத்தில் பழைய காட்டன் சேலையில் தூளி கட்டுங்கள். முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினால் அடங்குவான், சுழற்றினால் முறுக்கேறுவான். முகம் வெளிறினாலோ வியர்த்தாலோ நிறுத்திவிடுங்கள். தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. வலிப்பு வந்த குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் தூளியே வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லணும். தொடுதலுக்கும் சத்தத்துக்கும் இப்படி மிரள்வது சில குழந்தைகளுக்குத் தனியாக இருக்கும், சிலருக்கு ஆட்டிசத்தோடு சேர்ந்து வரும். பேர் சொன்னால் திரும்புகிறானா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா, மற்ற பிள்ளைகளோடு சேர்கிறானா, வந்த பேச்சு நின்றுபோனதா என்பதையெல்லாம் நீங்கள் எழுதவில்லை. இதில் எதிலாவது சந்தேகம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். சந்தேகம் இல்லாவிட்டாலும் காதையும் கண்ணையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். பிறந்தது முதல் 18 வயது வரை குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கண்டறிய 2013 முதல் மத்திய அரசின் திட்டம் ஒன்று இருக்கிறது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வருகிற மருத்துவக் குழு அதைச் சேர்ந்ததுதான். ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குப் போய், ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு, அதாவது வளர்ச்சிக் குறைகளைச் சிறு வயதிலேயே கவனிக்கிற பிரிவுக்கு, அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

எடை வைத்த ஜாக்கெட்டுக்கு வருகிறேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2012ல், உணர்வு சார்ந்த இந்தச் சிகிச்சைகளுக்கு ஆதாரம் குறைவு, பெற்றோரிடம் அதைச் சொல்லிவிடுங்கள் என்று தன் மருத்துவர்களுக்கு எழுதியது. நானும் அதே தொழிலில் இருந்துகொண்டுதான் இதைச் சொல்கிறேன். நான் மேலே சொன்னவையும் மாயம் செய்யாது. ஆறு வாரம் செய்து பாருங்கள், மாறுகிறதா என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு, தடைக்காலம் முடிந்து அவர் கடலுக்குப் போகுமுன் மூன்று பேருமாக ராமநாதபுரம் பஸ் ஏறுங்கள். ஜாக்கெட் விலையில் பஸ் டிக்கெட் போக மிச்சம் இருக்கும், வரும் வழியில் பையனுக்குப் பிடித்ததாக ஏதாவது வாங்கிக் கொடுங்கள்.