பல் அடைப்புகளில் எது வலுவானது: அமால்கமா, காம்போசிட்டா, கிளாஸ் அயனோமரா?

எந்த வலுவைக் கேட்கிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நான் பல் மருத்துவன் அல்ல. பொருளறிவியல் படித்தவன், நீங்கள் கேட்ட மூன்றும் என் வாயில் இருக்கின்றன. அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

நசுக்கிப் பார்த்தால் அமால்கம்தான் ஜெயிக்கும். எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. செம்பு கூடுதலாக உள்ள வகைகள் 400 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) வரையோ அதற்கு மேலுமோ தாங்கும். பல்லின் கடினமான மேலுறையான எனாமலே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் இழுத்தால் 50, 60லேயே முறிந்துவிடும். அதனால் அதை மெலிதாக வைக்க முடியாது. பல்லோடு தானாக ஒட்டவும் செய்யாது. குழியின் வாயைவிட உட்புறத்தை அகலமாகக் குடைந்து பூட்ட வேண்டும். நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்து போகும்.

எனக்கு உறைத்தது வேறொன்று: வெப்பம். எனாமலுக்கு அடியில் உள்ள பல் திசுவான டென்டினைவிட முப்பது மடங்குக்கும் மேல் அமால்கம் சூட்டைக் கடத்தும். அடைத்த முதல் வாரம் ஐஸ் தண்ணீர் பட்டதும் மண்டைவரை ஏறியது. (அலுமினியத் தாளைத் தெரியாமல் கடித்தால் சுரீரென்று மின்சாரம் பாயும். அது தனிக்கதை.)

வெப்பத்தில் விரிவதையும் பாருங்கள். டிகிரிக்குப் பத்து லட்சத்தில் எனாமல் சுமார் 11 பங்கு விரிகிறது, அமால்கம் 25, பல் நிறத்தில் வரும் ரெசின் கலவையான காம்போசிட் பெரும்பாலும் 25 முதல் 40. சூடும் குளிருமாகச் சாப்பிடும் ஒவ்வொரு முறையும் பல்லும் அடைப்பும் வெவ்வேறு அளவில் அசைகின்றன என்று அர்த்தம். காம்போசிட்டுக்கு இன்னொரு தொல்லை: நீல ஒளியில் இறுகும்போதே கன அளவில் 2, 3 சதவீதம் சுருங்கும். ஓரத்தில் இடைவெளி விழுவது அதனால்தான். வழக்கமான காம்போசிட்டை 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைப்பதற்கு இது ஒரு காரணம். ஒளி ஆழத்துக்குப் போகாதது இன்னொன்று. ஆனாலும் பசையின் தயவில் பல்லை அதிகம் குடைய வேண்டாம், நிறமும் பொருந்தும்.

கண்ணாடிப் பொடியும் அமிலமும் கலந்து இறுகும் சிமென்டான கிளாஸ் அயனோமர் வலுவில் கடைசி. மெல்லும் பரப்பில் வைத்தால் சீக்கிரம் தேயும். ஆனால் மூன்றில் அதன் விரிவுதான் பல்லுக்கு மிக நெருக்கம். பல்லிலுள்ள கால்சியத்தோடு ரசாயனமாகவே பிணைகிறது, புளோரைடும் கசிகிறது. ஈறோரத்தில் எனக்கு வைத்தது இன்னும் அசையவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், மருத்துவ அவசியம் இருந்தாலொழிய அமால்கம் கூடாது என்று நிறுத்திவிட்டது. காரணம் வலுவல்ல, சுற்றுச்சூழலில் சேரும் பாதரசம். என் பழைய அமால்கத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டபோது மருத்துவர் சம்மதிக்கவில்லை. ஓரம் நன்றாக இருக்கிறதாம். எடுக்கப்போனால் பல்லும் கூட வரும் என்றார்.