போஸ்ட்டாக் தேடுகிறீர்களா? முதலில் கிராண்ட் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி: எனக்கு ஆம்பூர். வேலூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் பிஎச்.டி. ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன், வைவா (வாய்மொழித் தேர்வு) தேதி இன்னும் வரவில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவுநீரிலிருந்து ஹெக்ஸாவேலன்ட் (ஆறு இணைதிற) குரோமியத்தை நீக்குவதுதான் ஆய்வு. ஐந்து பேப்பர் வெளிவந்திருக்கின்றன. போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) கேட்டு ஆறு மாதமாக வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்புகிறேன். ஒருவரும் பதில் போடவில்லை. என்ன செய்ய வேண்டும்?

பதில்: பதில் வராததற்குத் தகுதிக் குறைவு காரணமாக இருப்பது அபூர்வம். கையில் பணம் இல்லாத பேராசிரியரிடம் வேலை கேட்டிருப்பீர்கள். அல்லது, பணம் இருப்பவரிடம் உங்களால் அவருக்கு ஆகப்போவது என்ன என்று சொல்லாமல் கேட்டிருப்பீர்கள். பிஎச்.டி. அட்மிஷன் மாதிரி ஆண்டுதோறும் அறிவிப்பு வெளியிட்டு இத்தனை இடம் என்று நிரப்புவது போஸ்ட்டாக்கில் கிடையாது. ஒரு பேராசிரியருக்கு ஒரு திட்டத்துக்காக கிராண்ட், அதாவது ஆய்வு நிதி, கிடைக்கிறது. அதில் ஒரு ஆளுக்கு இரண்டு மூன்று வருடச் சம்பளம் ஒதுக்கியிருப்பார்கள். அந்த வேலை தெரிந்த ஆள் கிடைத்ததும் இடம் முடிந்துபோகும். எனவே பேராசிரியரின் பெயரும் பல்கலைக்கழகத்தின் ரேங்க்கும் பிறகு பார்க்க வேண்டியவை. புதிதாக யாருக்குப் பணம் வந்திருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

இதை யாரிடமும் கேட்கத் தேவையில்லை, எல்லாம் பொதுவில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்துக்கு கார்டிஸ், ஜெர்மன் ஆய்வு நிதி அமைப்பான டி.எஃப்.ஜி.யின் பணத்துக்கு கெப்ரிஸ், பிரிட்டனுக்கு கேட்வே டு ரிசர்ச், அமெரிக்காவுக்கு என்.எஸ்.எஃப். அவார்டு சர்ச், ஜப்பானுக்கு காக்கென். எல்லாமே இலவசத் தேடல் தளங்கள். உங்கள் துறைச் சொற்களைக் கொடுத்துத் தேடினால் திட்டத்தின் பெயர், பொறுப்பாளர், தொடங்கும் தேதி, முடியும் தேதி என எல்லாம் வரும். பலவற்றில் தொகைகூட இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது தேதி. தொடங்கி ஓராண்டுக்கு உட்பட்டது, அல்லது இன்னும் சில மாதத்தில் தொடங்கப்போவது என்றால் ஆள் எடுக்கும் நேரம் அது. முடிய எட்டு மாதம்தான் இருக்கிறது என்றால் அந்தப் பேராசிரியர் ஏற்கெனவே இருப்பவர்களுக்கே சம்பளம் தேடிக்கொண்டிருப்பார். அவருக்கு மெயில் போட்டுப் பயனில்லை.

ஐரோப்பிய ஆய்வுக் கவுன்சிலின் (ஈ.ஆர்.சி.) ஸ்டார்ட்டிங் கிராண்ட் பெற்றவர்களின் பட்டியலைத் தனியாகக் கவனியுங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு 15 லட்சம் யூரோ வரை கிடைக்கும் நிதி அது. வாங்குபவர்கள் இளையவர்கள், குழுவையே புதிதாகக் கட்ட வேண்டியவர்கள். முடிவு வந்த அடுத்த சில மாதங்களில் ஆள் தேடத் தொடங்குவார்கள். அமெரிக்காவில் அப்போதுதான் பணியில் சேர்ந்த உதவிப் பேராசிரியரும் இதே நிலையில்தான் இருப்பார்: லேப் தொடங்கப் பல்கலைக்கழகம் கொடுத்த ஸ்டார்ட்-அப் பணம் கையில் இருக்கும், லேப்பில் ஆள் இருக்காது. நம் ஊரில் எல்லோரும் பெரிய பெயர்களையே குறிவைக்கிறார்கள். அந்த இன்பாக்ஸில் தினமும் எத்தனை விண்ணப்பம் விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி உங்கள் ஆய்வுக்கு வருவோம். கொஞ்சம் கசப்பாக இருக்கும். விவசாயக் கழிவிலிருந்து கார்பன் தயாரித்து, பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் போட்டு, பி.எச். 2-இல் அதிகபட்ச உறிஞ்சல் காட்டி, லாங்மியூர் சமன்பாட்டில் பொருத்திய பேப்பர்கள் உலகில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. உங்கள் பேப்பர்களும் அந்த வகை என்றால், தலைப்பைப் பார்த்ததுமே மெயிலை மூடிவிடுவார்கள். இன்னொன்றும் உண்டு. தோல் பதனிடப் பயன்படுவது பேஸிக் குரோமியம் சல்ஃபேட். ஆகவே டேனரி (தோல் பதனிடும் ஆலை) கழிவுநீரில் பெரும்பாலும் இருப்பது டிரைவேலன்ட் (மூன்று இணைதிற) குரோமியம். 'பிறகு ஏன் ஹெக்ஸாவேலன்ட்டில் வேலை செய்தீர்கள்?' என்பதுதான் துறை தெரிந்தவர் கேட்கும் முதல் கேள்வி. இதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். ஹெக்ஸாவேலன்ட் உண்மையிலேயே கிடப்பது ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலிலும், அதைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரிலும்தான். அந்த இடத்துக் கிணற்று நீரை நீங்கள் ஒரு முறையாவது ஆய்ந்திருந்தால் சி.வி.யின் முதல் பக்கத்தில் அதற்கு இடம் கொடுங்கள். ஐரோப்பிய லேப் ஒன்றால் உட்கார்ந்த இடத்திலிருந்து பெற முடியாத சரக்கு அது. தோல் ஆலைக் கழிவு மாசு குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பால் சுற்றுச்சூழல் துறையினர் பலருக்கு வேலூரின் பெயர் ஏற்கெனவே தெரியும்.

உங்கள் வேலையைப் பொருளின் பெயரால் சொல்லாமல் திறமையின் பெயரால் சொல்லுங்கள். 'புளியங்கொட்டைக் கார்பனில் குரோமியம் நீக்கம்' என்று எழுதினால் அது யாருக்கும் வேண்டாம். 'உப்பும் புரதமும் கலந்த அசல் கழிவுநீரில் உலோகங்களின் வேதிநிலையைப் பிரித்தறிவது, ஐ.சி.பி.-எம்.எஸ். (உலோகங்களை நுண்ணளவில் அளக்கும் கருவி) நானே இயக்குவேன், உறிஞ்சுபொருள் நிரப்பிய குழாயில் நீரை ஓடவிடும் நிரல் சோதனைகளை 30 நாள் தொடர்ந்து நடத்தியிருக்கிறேன்' என்று எழுதினால் அது பல லேப்களுக்கு வேண்டியது. கருவியை நீங்களே இயக்கினீர்களா, சாம்பிளை வெளியே அனுப்பி முடிவு வாங்கினீர்களா என்பதை மறைக்காதீர்கள். நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

தேடும் இடமும் இதனால் விரியும். வேதியியல் துறைகளை மட்டும் பார்க்காதீர்கள். சுவிட்சர்லாந்தின் எவாக், லைப்சிக்கில் உள்ள யூ.எஃப்.இஸட்., நெதர்லாந்தின் வெட்சஸ் எல்லாம் நீரையும் சூழலையும் ஆராயும் நிறுவனங்கள். தோலே வேண்டுமென்றால் ஜெர்மனியின் ஃப்ரைபெர்க்கில் ஃபில்க் இருக்கிறது. இத்தாலியின் சான்டா குரோசே, அர்சிஞானோ பகுதிகள் நம் ஆம்பூர், வாணியம்பாடி மாதிரியே டேனரி ஊர்கள்; அருகிலுள்ள பல்கலைக்கழகங்களில் இந்தப் பிரச்சினை தெரிந்தவர்கள் கிடைப்பார்கள்.

மெயிலை இப்படி அமையுங்கள். மொத்தம் 200 சொல்லைத் தாண்டக் கூடாது. தலைப்பில் அவருடைய திட்டத்தின் பெயரும் நீங்கள் சேரக்கூடிய மாதமும் இருக்கட்டும். முதல் வரியில் நீங்கள் யார், வைவா எப்போது என்பது. அடுத்து அவருடைய திட்டத்தில் எந்தப் பகுதியை உங்களால் செய்ய முடியும் என்று இரண்டு மூன்று வரி. இதுதான் மெயிலின் உயிர். அவருடைய பேப்பரைப் படித்தேன், மிகவும் அருமை என்ற பாராட்டு வேண்டாம். அந்த பேப்பரில் விடுபட்டிருக்கும் ஒரு கேள்வியைச் சொல்லுங்கள். பிறகு உங்களின் ஒரே ஒரு முக்கிய முடிவு, எண்ணோடு. கடைசியில், 'இந்தத் திட்டத்தில் இடம் இருக்கிறதா? இல்லையென்றால் ஃபெலோஷிப்புக்குச் சேர்ந்து விண்ணப்பிக்கலாமா?' இந்த இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. பணம் இல்லாத பேராசிரியரும் இதற்கு மட்டும் பதில் போடுவார், ஏனென்றால் அவருக்குச் செலவில்லை.

இணைப்பாக ஒரே பி.டி.எஃப். போதும்: இரண்டு பக்க சி.வி., அதோடு பேப்பர் பட்டியல். பிறந்த தேதி, தந்தை பெயர், திருமண நிலை எல்லாம் நம் ஊர் பயோடேட்டாவோடு நிற்கட்டும். 'ரெஸ்பெக்டட் சார்' வேண்டாம். எதிரில் இருப்பவர் பெண்ணாக இருக்கலாம். புரொஃபசர் என்று போட்டுக் குடும்பப் பெயரை எழுதுங்கள். ஒரே மெயிலைப் பலருக்கு பி.சி.சி. போட்டால் ஸ்பேமில் விழும். ஒரே துறையில் நான்கு பேருக்குத் தனித்தனியாக அனுப்பினாலும் காபி குடிக்கும்போது அவர்கள் பேசிக்கொள்வார்கள். கல்லூரி கொடுத்த மெயில் ஐ.டி. படிப்பு முடிந்ததும் நின்றுபோகலாம், எனவே சொந்த ஜிமெயில் நல்லது. ஜெர்மனிக்கு நம் நேரம் பகல் ஒன்று ஒன்றரைக்கு அனுப்பினால் அங்கே காலை. ஆகஸ்டில் ஐரோப்பா விடுமுறையில் இருக்கும். பதில் இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிடுங்கள்.

ஸ்வீடன், ஃபின்லாந்து, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் பெரும்பாலும் இணையத்தில் முறையான விளம்பரம் வரும். அங்கே போர்ட்டல் வழியாக வராத விண்ணப்பம் கணக்கில் சேராது. மெயிலில் சந்தேகம் மட்டும் கேளுங்கள். யூராக்ஸஸ், ஜாப்ஸ்.ஏ.சி.யூகே, அகடமிக் டிரான்ஸ்ஃபர் ஆகிய வேலை அறிவிப்புத் தளங்களில் அலெர்ட் போட்டுவைத்தால் போதும். விளம்பரத்தில் 'அவசியம்' என்று இருக்கும் ஒவ்வொரு தகுதிக்கும் உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். பிரிட்டனில் அந்தப் பட்டியலை வைத்தே மதிப்பெண் போடுவார்கள்.

ஃபெலோஷிப் என்றால் பணத்தை நீங்களே கொண்டுபோவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி க்யூரி போஸ்ட்டாக்டோரல் ஃபெலோஷிப்பின் கடைசித் தேதி செப்டம்பர் வாக்கில் வரும். மார்ச் முதல் மே வரை பல ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள், எங்களோடு சேர்ந்து விண்ணப்பிக்க வாருங்கள் என்று அழைப்பு விடும். நுழைய எளிய வழி அதுதான். கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் நீங்கள் போகப்போகும் நாட்டில் இருந்திருக்கக் கூடாது என்பது விதி. உங்களுக்கு அது பிரச்சினையில்லை. பிரச்சினை வைவாதான். கடைசித் தேதிக்குள் அது முடிந்திருக்க வேண்டும். ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெலோஷிப்பில் பட்டம் பெற்று நான்கு ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும்; 6 முதல் 24 மாதம் வரை தருவார்கள். ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். ஃபெலோஷிப்புக்கு நீங்கள் நேராக விண்ணப்பிக்க முடியாது, அங்குள்ள பேராசிரியர்தான் தன் நிறுவனம் வழியாக அனுப்புவார். ஆகவே கடைசித் தேதிக்கு நான்கைந்து மாதம் முன்பே அவரைப் பிடிக்க வேண்டும். ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு வைவாவுக்கு மாதக்கணக்கில் இழுப்பது நம் பல்கலைக்கழகங்களில் வழக்கம் என்பதால், கைடைத் தொந்தரவு செய்தாவது தேதியை வாங்குங்கள். வைவா முடிந்த அன்றே புரொவிஷனல் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்.

ரெஃபரன்ஸ் லெட்டரில் நம்மவர்கள் நிறையவே கோட்டைவிடுகிறார்கள். 'நீயே எழுதிக் கொண்டுவாப்பா, கையெழுத்துப் போடுறேன்' என்பார் கைடு. மூன்று பேருக்கும் நீங்களே எழுதினால் மூன்றும் ஒரே நடையில் இருக்கும். படிப்பவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். கடிதத்துக்குப் பதில் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: எந்தச் சோதனையில் என்ன சிக்கல் வந்தது, நீங்கள் எப்படித் தீர்த்தீர்கள் என்று. மூவரில் ஒருவராவது உங்கள் கல்லூரிக்கு வெளியே உள்ளவராக, கூட்டு பேப்பர் எழுதியவராக இருப்பது நல்லது. நிறுவன மெயில் ஐ.டி.யிலிருந்து வரும் கடிதத்துக்கே மதிப்பு. ஓய்வு பெற்றவர் என்றால் காரணத்தை சி.வி.யில் குறிப்பிடுங்கள்.

பேப்பர் பட்டியலில் காசு வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் வெளியிடும் இதழ்கள் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஐந்தில் மூன்று நல்லவை இருந்தால் அந்த மூன்றே போதும்.

நேர்காணல் பெரும்பாலும் 20 நிமிட விளக்கம், பிறகு கேள்விகள். அது முடிந்ததும் அந்த லேப்பில் இப்போது இருக்கும் போஸ்ட்டாக் ஒருவரிடம் தனியாகப் பேச அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்று பேராசிரியர் மறுத்தால் அதுவே ஒரு தகவல். சம்பளம் வேலை ஒப்பந்தமா, ஸ்டைபெண்டா (உதவித்தொகையா) என்று எழுத்தில் கேளுங்கள். ஜெர்மனியில் அரசு ஊதிய அட்டவணையின் இ-13 நிலை ஒப்பந்தம் என்றால் மாதம் 4,500 யூரோவுக்கு மேல். வரியும் காப்பீடும் போக ஏறத்தாழ அறுபது சதவீதம் கைக்கு வரும். ஸ்டைபெண்ட் என்றால் ஓய்வூதியமும் வேலையின்மைக் காப்பீடும் இருக்காது. அமெரிக்காவில் தேசிய சுகாதார ஆய்வு அமைப்பான என்.ஐ.ஹெச். 2024-க்கு அறிவித்த போஸ்ட்டாக் தொடக்கத் தொகை ஆண்டுக்கு 61,008 டாலர். உங்களுக்குச் சொல்வது அதைவிட மிகக் குறைவு என்றால் யோசியுங்கள். லேப் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று யார் பணம் கேட்டாலும் அது போஸ்ட்டாக் அல்ல. வேலூர், காட்பாடிப் பக்கம் இருக்கும் கன்சல்டன்சிகள் மாணவர் சேர்க்கைக்கானவை, இந்த வேலைக்கு ஏஜென்ட் என்று ஒருவர் கிடையாது.

காத்திருக்கும் நேரத்தில் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். இனிஷியல் வைக்கும் நமக்கு சர்நேம் கட்டம் பல நேரம் காலியாக இருக்கும். அப்படியே அமெரிக்க விசாவுக்குப் போனால் உங்கள் பெயர் சர்நேம் ஆகிவிடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. ('முதல் பெயர் தெரியாது') என்று விழும். பிறகு வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அதே பாடு. பட்டச் சான்றிதழ், பாஸ்போர்ட், பேப்பர் மூன்றிலும் பெயர் ஒத்துப்போகும்படி இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். வேலூரிலேயே அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. ஆய்வாளர்களுக்கான தனி அடையாள எண்ணான ஆர்க்கிட் எண் ஒன்று எடுத்துவிட்டால் உங்கள் பெயரிலேயே உள்ள மற்றவர்களின் பேப்பர்களோடு உங்களுடையது கலக்காது.

பிரிட்டன் என்றால், வேதியியல் ஆய்வுக்கு இந்தியர்களுக்கு அட்டாஸ் என்ற பாதுகாப்பு முன்அனுமதி தேவைப்படும். கட்டணம் இல்லை, ஆனால் பல வாரம் ஆகும். அது கையில் வந்த பிறகே விசா. சேரும் தேதியை அதற்கேற்பத் தள்ளிக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். ஜெர்மனியில் வீட்டு அட்வான்ஸ் மூன்று மாத வாடகை வரை கேட்கலாம் என்று சட்டமே சொல்கிறது. எனவே டிக்கெட் செலவு போக இரண்டு மாதச் செலவுக்கும் அட்வான்ஸுக்கும் பணத்தைத் தனியாகப் புரட்டி வைத்துக்கொள்ளுங்கள். பயணச் செலவைத் திருப்பித் தருவார்களா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.