இழுப்பு (ஆஸ்துமா) உள்ள குழந்தை நன்றாக இருக்கும்போதும் தினமும் பம்ப் (இன்ஹேலர்) கொடுக்க வேண்டுமா?

கொடுக்க வேண்டும். நன்றாக இருக்கும் நாளில்தான் அந்தப் பம்புக்கு வேலையே.

நான்கு வயது மகனுக்கு இழுப்பு நின்ற பிறகும் தடுப்புப் பம்பைக் காலையும் இரவும் கொடுக்கச் சொல்கிறார் டாக்டர், ஸ்டீராய்டு ஆச்சே, பழகிப்போகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பழகிப்போகாது. இழுப்பு வரும்போது கொடுக்கும் நீலப் பம்ப், அதாவது வெண்டோலின், இறுகிய மூச்சுக்குழாயைச் சில மணி நேரத்துக்குத் தளர்த்திவிடும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடாது. அந்த வீக்கத்தைத் தணிப்பது தடுப்புப் பம்ப். அது மெதுவாகத்தான் வேலை செய்யும்.

2019இல் என் மகளுக்கும் நான்கு வயது. நாங்கள் மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். ஏப்ரலில் ஆரஞ்சு நிறத் தடுப்புப் பம்ப் ஆரம்பித்தோம். முதல் வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் விடிந்த பிறகுதான், ராத்திரி அவள் இருமவே இல்லை என்பது எனக்கு உறைத்தது. ஜூலையில், “பிள்ளை நல்லாத்தானே இருக்கு, எதுக்கும்மா இன்னும் மருந்து?” என்று மாமியார் கேட்டார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. டாக்டரைக் கேட்காமலே நிறுத்திவிட்டோம்.

ஆகஸ்டு முழுக்க ஒன்றும் ஆகவில்லை. அதை நம்பித்தான் ஏமாந்தோம். செப்டம்பரில் புகைமூட்டம் வந்து பினாங்கில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு அவள் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழி விழுந்தது. வெண்டோலின் கொடுத்தும் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அவசரப் பிரிவுக்கு ஓடினோம். மருந்தைப் புகைபோல ஆக்கிக் கொடுக்கும் நெபுலைசர் வைத்தார்கள், அப்புறம் மூன்று நாள் ப்ரெட்னிசோலோன் என்ற மருந்து.

அதுவும் ஸ்டீராய்டுதான். ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம், வாய் வழியாக, உடம்பு முழுக்கப் போவது. அவளுடைய பம்பில் ஒரு நாளைக்குப் போனது 0.1 மில்லிகிராம், அதுவும் பெரும்பாலும் நெஞ்சுக்குள்ளேயே வேலை செய்வது. இரண்டும் வேறு வேறு மருந்து, நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் எதற்குப் பயந்து எதை நிறுத்தினோம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. உயரம் கொஞ்சம் குறையலாம் என்பது உண்மை, வளர்ந்த பிறகு பார்த்தால் சுமார் ஒரு சென்டிமீட்டர். டாக்டர்கள் அதை மறைப்பதில்லை, கேட்டால் சொல்வார்கள்.

உங்கள் மகன் மாஸ்க்கைத் தட்டிவிடுகிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அழுகிற பிள்ளைக்கு அழுத்திப் பிடித்துக் கொடுத்தால் மருந்து நெஞ்சுக்குப் போகாது. நாங்கள் இரண்டு நாள் பம்ப் இல்லாமல் வெறும் ஸ்பேசரை, அதாவது பம்பையும் மாஸ்க்கையும் மாட்டும் குழாயை, விளையாடக் கொடுத்தோம், அவள் கரடி பொம்மைக்கு மாஸ்க் வைத்தாள். மூன்றாம் நாள் மடியில் உட்கார வைத்து, வால்வு அசைவதைப் பார்த்து அவளையே எண்ணச் சொன்னேன். விரலை மடக்கி மடக்கி ஆறு மூச்சு எண்ணுவாள். அப்புறம் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, முகத்தை ஈரத்துணியால் துடைப்போம். இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும். பம்ப் பல் துலக்கும் பிரஷ் பக்கத்திலேயே இருக்கும், அதனால் மறப்பதில்லை.

ஸ்பேசரைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசித் தானாகக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் மருந்து ஸ்பேசரின் உள்பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும். வீட்டில் சாம்பிராணியையும் கொசுவர்த்தியையும் நிறுத்தினோம். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை விட மாமியாருக்கு மனசே வரவில்லை, ஆனால் அந்த இரவைப் பார்த்தவர் அவர், தானாகவே விட்டுவிட்டார்.

நீலப் பம்ப் கொடுத்தும் மூச்சு அடங்காவிட்டால், பேசவோ சாப்பிடவோ முடியாவிட்டால், உதடு நீலமானால் காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள். தடுப்புப் பம்பை எப்போது குறைப்பது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எங்களுக்கு மூன்று மாதம் தொல்லையில்லாமல் போன பிறகுதான் குறைத்தார்.

அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது பம்பையும் ஸ்பேசரையும் கையோடு கொண்டுபோய், நர்ஸ் முன்னால் ஒரு தடவை கொடுத்துக் காட்டுங்கள். நான் இரண்டு தடவை சேர்த்து அழுத்திவிட்டுத்தான் மூச்சு எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும், ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும் என்று அந்த நர்ஸ் அக்கா என் கையைப் பிடித்துக் காட்டினார்.