டெம்போ டிராவலரை வீட்டு வண்டியாக மாற்றுகிறேன். லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர் வேலையை நானே செய்யலாமா, கடையில் கொடுக்கலாமா?

நீங்களே செய்யலாம். கடையில் கொடுத்தாலும் தப்பில்லை. ஆனால் யார் செய்தாலும், பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே ஓடும் அந்த இரண்டு முழ வயரையும் அதன் முனைகளையும் உங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்த வண்டியில் ஆள் படுக்க வேண்டும்.

நீங்கள் குடும்பத்தோடு ஊர் சுற்ற, இரவு தங்க வண்டி கட்டுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வண்டி அப்பாவுக்காகக் கட்டியது. காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர். மாந்தோப்பு வைத்திருக்கிறோம். அப்பாவுக்கு நுரையீரல் நோய். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் மிஷின் இல்லாமல் இருக்க முடியாது. எங்களுடையது நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் மிஷின், சுமார் 350 வாட் இழுக்கும். மாதம் ஒருமுறை சேலத்தில் டாக்டரைப் பார்க்க வேண்டும். காரில் அவரால் உட்கார்ந்து வர முடியவில்லை. அதனால் பழைய டிராவலர் ஒன்றை வாங்கி, பின்னால் கட்டில் போட்டோம்.

முதலில் வீட்டில் இருந்த 150 ஏஎச் (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரியைத்தான் வைத்தேன். அது லெட் ஆசிட் வகை. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். பாதி என்று கணக்கு வைத்தால் அப்பா மிஷின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடாது. அதனால்தான் 12.8 வோல்ட், 200 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்கினோம். மொத்தம் 2,560 வாட்-ஹவர். 90 சதவீதம் பயன்படுத்தி, இன்வெர்ட்டர் தின்பதைக் கழித்தால் அதே மிஷின் ஐந்தரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடுகிறது. எடையும் பாதிக்குக் கீழே. ‘லெட் ஆசிட்டே போதும், இதெல்லாம் வீண் செலவு’ என்று எழுத வருகிறவர்கள் ஒரு இரவு எங்கள் அம்மா இடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதட்டும்.

பேட்டரி பொருத்தும் வேலையைப் பக்கத்து டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார்கள், பார்வைக்கும் நன்றாக இருந்தது. இரண்டாவது பயணத்திலேயே, சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏறிக்கொண்டிருந்தோம். அம்மா மாத்திரைக்கு வெந்நீர் வேண்டும் என்று கெட்டில் போட்டிருக்கிறார். இரண்டே நிமிடம். “கண்ணு, ஏதோ கருகுற வாசனை வருது, வண்டியை நிறுத்து” என்றார்.

ஓரம் கட்டி, அப்பாவை ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, சீட்டுப் பலகையைத் தூக்கினேன். பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் வயரின் ஸ்லீவ் உருகி, வயர் நுனியில் மாட்டும் செம்பு லக் பழுப்பும் நீலமுமாக நிறம் மாறியிருந்தது. ஸ்பேனரால் நட்டைக் கழற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. முனைக்கு மேல் முதலில் ஒரு இரும்பு வாஷரைப் போட்டு, அதன் மேல் லக்கை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். முனையும் லக்கும் நேராகத் தொடவே இல்லை. ஓடிய கரண்ட் முழுவதும் அந்த வாஷர் வழியாகத்தான் போயிருக்கிறது.

கெட்டில் 1,000 வாட், மிஷின் 350. இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 12 வோல்ட் பேட்டரியில் அது ஏறக்குறைய 120 ஆம்ப். அந்த இணைப்பில் வெறும் 0.005 ஓம் தடை இருந்தாலும் 120-ஐ 120-ஆல் பெருக்கி 0.005-ஆல் பெருக்குங்கள், 72 வாட் சூடு வருகிறது. அப்பா படுத்திருந்த கட்டிலுக்கு அடியில் ஒரு பெரிய சால்டரிங் அயர்ன் எரிந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். வயரும் 16 ஸ்கொயர் எம்எம்தான், இந்தக் கரண்டுக்கு மெலிசு. லக்கை சுத்தியலால் தட்டி நசுக்கியிருந்தார்கள். பியூஸ் எங்கே என்று தேடினேன், இல்லவே இல்லை. ஷார்ட் ஆனால் லித்தியம் பேட்டரி ஆயிரக்கணக்கான ஆம்ப் கொடுக்கும். பியூஸ் இல்லாமல் அதை ஓட்டியிருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

அதோடு முடியவில்லை. பேட்டரிக்கு சார்ஜ் ஏற, டைனமோவிலிருந்து ஒரு ரிலே ஸ்விட்ச் வழியாக நேராக இழுத்திருந்தார்கள். லெட் ஆசிட் நிரம்ப நிரம்பத் தானே இழுப்பைக் குறைக்கும். லித்தியம் கிடைப்பதை எல்லாம் கடைசி வரை இழுக்கும். தீபாவளி நெரிசலில் கிருஷ்ணகிரி டோலில் அரை மணி நேரம் ஏசி போட்டு ஐடிலிங்கில் நின்றோம். ஐடிலிங்கில் டைனமோவைக் குளிர்விக்கும் காற்றாடியும் மெதுவாகத்தானே சுற்றும்? டைனமோ சூடு தாங்காமல் போய்விட்டது.

பிறகு எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பிரித்து நானே செய்தேன். 2,000 வாட் இன்வெர்ட்டருக்கு 50 ஸ்கொயர் எம்எம் வயர், முடிந்த அளவு குட்டையாக. லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்தினோம். முனை, அதன் மேல் லக், அப்புறம் வாஷர், ஸ்பிரிங் வாஷர், நட்டு. வரிசை இதுதான், மாற்றாதீர்கள். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 200 ஆம்ப் கிளாஸ் T பியூஸ், பெரிய ஷார்ட் கரண்டையும் அறுக்கக்கூடியது. டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் 30 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர், டைனமோவிலிருந்து இழுப்பதை அளவோடு நிறுத்தும். இன்வெர்ட்டர், வீட்டுக் கரண்டைப் போலவே கொடுக்கும் ப்யூர் சைன் வேவ்தான் வாங்க வேண்டும். பேட்டரியின் பிஎம்எஸ் (உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்) எத்தனை ஆம்ப் தாங்கும் என்பதையும் பாருங்கள். 100 ஆம்ப் பிஎம்எஸ்ஸில் 2,000 வாட் இன்வெர்ட்டரை முழுசாக ஓட்ட முடியாது.

வோல்ட் மீட்டரைப் பார்த்து சார்ஜ் எவ்வளவு என்று கணிக்காதீர்கள். இந்த பேட்டரி பெரும்பகுதி நேரம் 13 வோல்ட்டை ஒட்டியே நின்று, கடைசியில் சட்டென்று விழும். ஷன்ட் வைத்த மீட்டர் போடுங்கள், உள்ளே போகிற, வெளியே வருகிற கரண்டை அது எண்ணிச் சொல்லும். சித்திரை வெயிலில் தர்மபுரியில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் பிஎம்எஸ் சார்ஜை நிறுத்திவிடலாம், பேட்டரி ஆயுளும் குறையும். போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் மின்சார ஸ்கூட்டர் ஆலைகள் வந்த பிறகு எங்கள் பக்கம் டீக்கடையில்கூட லித்தியம் பேச்சுதான். அதற்காக பழைய ஸ்கூட்டர் பேக்கை வாங்கி வண்டியில் வைக்காதீர்கள். அதில் பலவற்றின் வேதியியலே வேறு.

நான் எலக்ட்ரிகல் படித்தவன் இல்லை. ‘படிக்காதவன் அறிவுரை சொல்லலாமா’ என்று கேட்பீர்கள். என் வேலையைப் படித்த ஒருவரிடம் காட்டித்தான் ஓட்டுகிறேன், நீங்களும் காட்டுங்கள். வண்டியின் உடலில் மாற்றம் செய்வதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது. ஆர்டிஓவில் கேட்காமல் கட்டிலோ கூரையோ வைக்க வேண்டாம்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கரண்டை எப்படியோ சமாளித்துவிட்டோம். ஆனால் கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் வரை நாங்கள் நிறுத்திப் பார்த்த ஓட்டல்களில் அப்பாவால் போக முடிந்த கழிப்பறை ஒன்றே ஒன்றுதான். மற்ற இடங்களில் வாசலில் இரண்டு படி, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது, உள்ளே உட்காரும் பீங்கானும் கிடையாது. வண்ண விளக்குக்கும் செயற்கை அருவிக்கும் இடம் ஒதுக்குகிறவர்கள் ஒரு சாய்தளம் கட்டினால் என்ன? வயசானவர்கள் தண்ணீர் குடிக்காமலே பயணம் செய்கிறார்கள். அம்மாவும் அப்படித்தான் வருகிறார்.

போன மாதம் ஒகேனக்கல் போனோம். இரவு வண்டியிலேயே தங்கினோம், சிலிண்டர் கூடவே இருந்தது. மிஷின் மூன்று மணி நேரம் ஓடிய பிறகு எழுந்து பலகையைத் தூக்கி லக்கின் மேல் விரல் வைத்துப் பார்த்தேன். சூடே இல்லை. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

உங்கள் இன்வெர்ட்டர் எத்தனை வாட், பேட்டரியிலிருந்து எத்தனை அடி தள்ளி வைக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். வயர் கணக்குப் போட்டுத் தருகிறேன்.