நர்ஸ் என்று சொல்லி அனுப்பினார்கள், அம்மாவுக்குப் படுக்கைப் புண் வந்துவிட்டது

கேள்வி: 78 வயது அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. அவர் சேலம் அழகாபுரத்தில் இருக்கிறார், எனக்கு ஓசூரில் வேலை. ஒரு ஏஜென்சிக்கு மாதம் 24,000 ரூபாயும் டெபாசிட் 10,000 ரூபாயும் கட்டி, 24 மணி நேரமும் கூட இருக்க 'பயிற்சி பெற்ற நர்ஸ்' கேட்டேன். மூன்று வாரத்தில் மூன்று பேர் மாறினார்கள். இப்போது அம்மாவின் முதுகுக்குக் கீழே புண். பணத்தைக் கேட்டால், "வேறு ஆள் அனுப்புகிறோம், டெபாசிட் வராது" என்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகி, ஓசூர்

பதில்: பணம் இரண்டு நாள் பொறுக்கும், புண் பொறுக்காது. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை இருந்தால் இன்றே. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்வார்கள். இடுப்பில் ஆபரேஷன் ஆனவர் என்பதால் எந்தப் பக்கம், எப்படித் திருப்புவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். குதிகாலையும் பாருங்கள், அங்கேயும் புண் வரும். தேதி தெரியும்படி போட்டோ எடுத்து, டாக்டர் சீட்டோடு வையுங்கள்.

அப்புறம் ஏஜென்சியிடம் ஒரே ஒரு கேள்வி: வந்த மூவரின் நர்ஸிங் கவுன்சில் பதிவு எண் என்ன? நர்ஸ் என்றால் அது இருக்க வேண்டும். குளிப்பாட்ட, சாப்பாடு கொடுக்க, டயாப்பர் மாற்ற வருபவர் அட்டெண்டர். அதுவும் மரியாதையான வேலைதான், ஆனால் ஊசி போடுவதும் யூரின் ட்யூப் மாற்றுவதும் அவர் வேலை இல்லை. நர்ஸ் என்று காசு வாங்கி அட்டெண்டரை அனுப்பியிருந்தால் அது சேவைக் குறைபாடு. வாட்ஸ்அப்பில் அவர்கள் 'நர்ஸ்' என்று எழுதியதை அழித்துவிடாதீர்கள்.

வந்த பெண்கள் மேல் கோபப்படாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு, ராத்திரியும் இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து ஒருவரைத் திருப்பிப் போட யாரால் முடியும்? அடுத்து ஆள் வைக்கும்போது இரவுக்குத் தனி ஆளோ, உறவில் ஒருவரோ இருக்கட்டும். வரும் பெண்ணுக்குக் கையில் எவ்வளவு சம்பளம் என்று கேளுங்கள். முதல் இரண்டு நாள் லீவு போட்டுக் கூட இருங்கள். வருபவரைப் பற்றிய சரிபார்ப்புக்குத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.

சரி, பணம். டெபாசிட்டும் சேவை கிடைக்காத நாட்களின் கட்டணமும் வேண்டும் என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள். குறைபாடான சேவையை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தர, பில்லில் வேறு கெடு இல்லாவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 30 நாள் கெடு வைக்கிறது. நடுவில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், சில நிறுவனங்கள் அதிலேயே இறங்கி வரும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் சேலத்துக்கு அலைய வேண்டாம், குடியிருக்கும் இடத்திலும் வழக்குப் போடலாம் என்பதால் கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையமே போதும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

இன்னொன்று. அம்மாவை நடக்க வைக்கும் பிசியோதெரபிக்கும் காசு கொடுத்துக்கொண்டிருந்தால், அழகாபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள். அந்தத் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும், இலவசம்.