டீச்சரிடம் கேளுங்கள்: கல்விக் கொள்கையை எழுதுவது யார்?

கேள்வி: தேசியக் கல்விக் கொள்கையை உலக வங்கியும் தொண்டு நிறுவனங்களும்தான் எழுதின என்கிறார் என் மாமனார். உண்மையா டீச்சர்?
– ஒரு வாசகி, அரூர்

மாமனார் சொல்வதில் பாதி சரிம்மா. 2020 கொள்கைக்கான வரைவைத் தயாரித்தது கஸ்தூரிரங்கன் தலைமையிலான குழு. ஆனால் எது நாட்டின் பெரிய பிரச்சினை என்பதை வெளியில் இருந்தவர்கள் பல வருடம் முன்பே பேசிப் பேசி நிலைநாட்டிவிட்டார்கள்.

'பிரதம்' என்ற தொண்டு நிறுவனத்தின் 'அசர்' கணக்கெடுப்பையே பாருங்கள். 2005-லிருந்து கிராமங்களில் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய், பிள்ளை கையில் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இரண்டாம் வகுப்புப் பாடம் வாசிக்க வரவில்லை என்ற செய்தி திரும்பத் திரும்ப வந்தது. அப்புறம் 2020 கொள்கை அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும்தான் முதல் வேலையாக வைத்தது. அடுத்த வருடமே அதற்கென்று 'நிபுண் பாரத்' என்ற மத்திய அரசுத் திட்டம் வந்தது. அந்தத் தாள் சொன்னது பொய்யில்லை. நான்காம் வகுப்பில் 'க'வையும் 'த'வையும் குழப்பிக்கொண்டு, வெட்கத்தில் தலை குனிந்து நின்ற பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஒரு தாளால் அளக்க முடியாத ஓவியம், விளையாட்டு, கேள்வி கேட்கும் பழக்கம் இதெல்லாம் பின்னுக்குப் போவதுதான் எனக்குக் கவலை.

நம் ஊரிலும் இப்படி நடந்திருக்கிறது. பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து பார்த்துப் படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை, ஆந்திராவின் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியிலிருந்து வந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில வருடங்களில் மாநிலம் முழுக்கப் பரவியது. படச்சின்னம் போட்ட அட்டைகள், சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை, தரையில் வட்டமாக உட்காருவது. மூன்று வகுப்பை ஒருத்தியாகப் பார்த்த எனக்கு அந்த அட்டைகள் பெரிய உதவி. ஆனால் பயிற்சியில் எப்படிச் செய்ய வேண்டும் என்று சொன்னார்களே தவிர, எங்கள் வகுப்பில் என்ன தேவை என்று யாரும் கேட்கவில்லை.

கேள்வி: வெளியிலிருந்து வருவதை வேண்டாம் என்று அரசால் சொல்ல முடியாதா?
– கல்லூரி மாணவர், ஓசூர்

முடியும் தம்பி, சொல்லியும் இருக்கிறார்கள். பல நாட்டுப் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் திறனை ஒப்பிடும் 'பிசா' தேர்வின் 2009 சுற்றைத் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் எழுதிப் பட்டியலின் அடியில் வந்தன. அதன்பின் 2012, 2015 சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவில்லை. கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்றார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனாலும் தேர்வு எழுதிய நம் பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்று ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.